டாயில் வீட்டு அத்தி

டாயில் வீடு என்று எங்கள் லாரல் தெருவில் எல்லோரும் சொல்கிற வீட்டில் டாயில் இல்லை. அவன் இருந்த காலமெல்லாம் அதற்கு வாடகை வீடு என்றுதான் பெயர். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இருக்கிறவன் பெயரை வீட்டுக்கு வைக்க மாட்டோம், காலி செய்துவிட்டுப் போன பிறகுதான் வைப்போம். என் வீட்டையே இன்னும் பல் டாக்டர் வீடு என்கிறார்கள். அந்த டாக்டரிடமிருந்து வாங்கி, கடனை அடைத்து, கூரையையும் இரண்டு முறை மாற்றிவிட்டேன். நான் கண்ணை மூடினால்தான் இது ஒராலீ வீடு ஆகும் போலிருக்கிறது.

பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஓக் ஹாலோ. சனிக்கிழமை புல்வெட்டுகிற சத்தம், கால்பந்து நாளில் எங்கள் பையன்கள் ஜெயித்தால் கூச்சல், புயல் வந்தால் சங்கு. இவை தவிர வேறு சத்தம் கிடையாது. காரில் போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினால் அது வணக்கம். தூக்காவிட்டால் அன்று சாயங்காலமே அவரைப் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

டாயில் பெட்டஸ் ரொட்டி வண்டி ஓட்டினவன். விடியும் முன்னே நகரத்துக் கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவான். கிரென்ஷா கிழவருடைய செங்கல் வீட்டுக்கு அவனும் நடீனும் குடிவந்த அன்று நான் கோழியும் சோறும் சேர்த்துச் சுட்ட தட்டு ஒன்றும், காப்பித் தகரத்தில் வேர்பிடித்த சீமை அத்திப் போத்து ஒன்றும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். என் வீட்டுப் பின்பக்கத்து அத்தியில் வெட்டி நட்ட கிளை அது. தெருவுக்கு யார் புதிதாக வந்தாலும் கொடுப்பேன்.

நடீன் ஒஹாயோக்காரி. தகரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு, ரொம்ப தேங்க்ஸ்..." என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடு!" என்று கத்திவிட்டேன்.

அதுதான் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் முகம் வெளுத்துப் போனது. டாயில் இந்த ஊர்ப் பக்கத்துக்காரன், வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"செடி குடுத்தா தேங்க்ஸ் சொல்லக் கூடாது நடீன். சொன்னா பட்டுப் போயிடும்."

"இது என்னங்க ஊரு?"

"நல்ல ஊருதான். கோழிக்கு எவ்ளோ வேணா சொல்லு. செடிக்கு மட்டும் மூச்சு விடாத."

"மிஸ் ஒராலீ, இப்ப என்ன பண்றது? இவ சொல்லிட்டாளே" என்று அவன் என்னைக் கேட்டான்.

"குடு இப்பிடி" என்று தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவைத் தாண்டி என் வாசல்வரை போனேன். திரும்பி வந்து மறுபடியும் கொடுத்தேன். நடீன் உதட்டைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு, ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கிரென்ஷா கிழவர் நல்ல மனுஷர். தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளச் சொன்னார். நடீன்தான் கேட்கவில்லை.

"இது அடுத்தவங்க மண்ணு, மிஸ் ஒராலீ. நாங்க வீடு வாங்கினதும் அங்க வைக்கறேன். அதுவரைக்கும் தொட்டியில இருக்கட்டும்."

"அத்தி தொட்டியில இருக்கற ஜாதி இல்ல கண்ணு. அதுக்குக் கால நீட்டணும்."

"எனக்கும்தான் நீட்டணும். கொஞ்ச நாள் ரெண்டு பேரும் மடக்கி வச்சிக்கறோம்."

பெரிய தகரத் தொட்டி ஒன்று வாங்கி அதில் வைத்தாள். குளிர் வந்தால் டாயில் அதைக் கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் இழுத்துவிடுவான், வெயில் வந்தால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இழுத்து வைப்பான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, சர்ச் உடுப்பைக்கூடக் கழற்றாமல் இருவரும் வீடு பார்க்கக் கிளம்புவார்கள். முன்னால் விற்பனைப் பலகை நட்ட வீடுகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றுவார்கள். சில நாள் என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள். நடீனுக்கு எந்த வீடும் லேசில் பிடிக்காது. ஒன்றில் சமையலறை மேற்கே பார்த்திருக்கும். இன்னொன்றில் அத்திக்கு வெயில் விழாது. "வீடு உனக்கா, மரத்துக்காடி?" என்று கேட்டேன் ஒருநாள். "முதல்ல மரத்துக்கு இடம் பாக்கறேன். நாங்க எப்பிடியாவது உள்ள பூந்துக்குவோம்" என்றாள். டாயில்தான் ஓட்டுவான். அவள் கையை நீட்டிய பக்கம் வண்டி திரும்பும்.

கடைசியில் பெல்ஹேம் சாலைப் பக்கம் ஒன்று அமைந்தது. வெள்ளை வீடு, பின்னால் தெற்கு வெயில், நடீனே குறை சொல்ல முடியாதபடி ஒன்று. பேசி முடிக்கப் போகிற வாரம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனது. அடுத்த வருஷம் கோடைக்குள் அவளும் போய்விட்டாள். அந்த வெள்ளை வீட்டை யாரோ வாங்கி மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சாவு வீட்டுக்குத் தெருவே சமைத்துக்கொண்டு போனது. தட்டுக்கு அடியில் அவரவர் பெயரை ஒட்டிக் கொடுப்போம், திரும்பி வர வேண்டுமே. வாங்கினவர் காலித் தட்டாகத் திருப்பித் தரக்கூடாது. டாயிலுக்குச் சமைக்கத் தெரியாது. ஒவ்வொரு தட்டிலும் அத்திப்பழத்தை அடுக்கி, வீடு வீடாக நடந்து கொடுத்துவிட்டு வந்தான். அந்த வருஷம் அப்படிக் காய்த்தது. "நடீன் குடுத்ததா வச்சிக்கங்க" என்றான் ஒவ்வொரு வாசலிலும்.

அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அதே மாதிரியே இருந்தான். அதுதான் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தனியாக வண்டியை எடுப்பான். இருட்டும்போது திரும்புவான்.

"பாத்தியா ஏதாவது?" என்பேன் வேலியோரம் நின்று.

"பாத்தேன். சமையலறை மேற்கு."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

முதுகு பிடித்துக்கொண்டதால் தொட்டியை இழுக்காமல் சமையலறை ஜன்னலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டான். குளிர்காலத்தில் நடீனுடைய மெத்தைப் போர்வையை மரத்துக்குச் சுற்றிக் கட்டுவான். ஐஸ் மழை பெய்து ஊரெல்லாம் மின்சாரம் போன வருஷம் என் வீட்டுத் தாய்மரம் அடியோடு பட்டுப்போனது. அவனுடையது போர்வைக்குள் பிழைத்துக்கொண்டது. ஒரு போத்து கேட்டிருக்கலாம். கொடுத்த கையால் எப்படிக் கேட்பது? வீம்பு எனக்கு. மரம் இல்லாமலே இருந்துவிட்டேன்.

"மண்ணுல வையேன்டா அத. எத்தன வருஷமா அந்தத் தகரத்துல கெடக்குது?" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

"சொந்த மண்ணுலதான் வைக்கணும்னு நடீன் சொன்னாளே, மிஸ் ஒராலீ."

"அவ சொன்னா சரி. நீ எப்ப வாங்கப் போற?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்பான்.

கிரென்ஷா கிழவர் போன குளிர்காலம் இறந்தார். அட்லாண்டாவில் இருக்கிற மகள் வீட்டை விற்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ரொம்ப மரியாதையாகத்தான் வந்து சொன்னாள். டாயில் தானே வாங்கிக்கொள்ள முடியுமா என்று பாங்கில் கேட்டுப் பார்த்தான். ரொட்டி வண்டியை விட்டிறங்கிய வயசில் யார் கடன் கொடுப்பார்கள்? கல்யாணமாகி மொபீல் நகரத்தில் இருக்கிற டாயிலின் மகள் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். இரண்டாவது மாடி. வராந்தா உண்டு, மண் கிடையாது.

"மரத்த என்னடா பண்ணப் போற?"

"கூடவே கொண்டு போறேன். வராந்தாவுல வச்சிட்டு அங்கயும் ஞாயித்துக்கிழம பாக்கறேன். மொபீல்ல விக்கற வீடு இல்லாமலா போயிடும்?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வயசிலும், அந்த முதுகோடும், நடீனுக்குக் கொடுத்த வாக்கை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சர்ச்சிலிருந்து நாலு ஆட்கள் பிக்கப் வண்டியோடு வந்தார்கள். கட்டில், நாற்காலி எல்லாம் ஏறியது. கடைசியாகத் தொட்டிக்கு வந்தார்கள். மரம் இலையுதிர்ந்து மொட்டையாக நின்றது. நாலு பேரும் குனிந்து தூக்கினார்கள், அசையவில்லை.

"என்னண்ணே, உள்ள கல்லையா போட்டு வச்சிருக்கீங்க?" என்றான் ராண்டல் என்கிற தடியன்.

"சாயிச்சுப் பாருங்கப்பா" என்றான் டாயில்.

சாய்த்தார்கள். விளிம்பு தெறித்துத் துருவாக உதிர்ந்தது. ராண்டல் படுத்துக் கையை அடியில் விட்டுத் துழாவினான். பிறகு எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணே, இதுக்கு அடியே இல்ல. எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. என் கை மொத்தத்துக்கு வேர் எறங்கியிருக்கு. இது தொட்டியில இல்லண்ணே. ரொம்ப வருஷமா மண்ணுலதான் இருக்கு."

டாயில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். வேரைத் தொட்டுப் பார்த்தான். விட்ட இடத்திலேயே மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

"கோடாலி இருக்கு வண்டியில. அடியோட வெட்டிட்டா தூக்கிடலாம்" என்றான் இன்னொருவன், நல்ல எண்ணத்தில்தான்.

"வேண்டாம்" என்றான் டாயில். "தகரம் வெட்ற கத்திரி இருந்தா குடுங்க."

தொட்டியைச் சுற்றி அவனே வெட்டினான். யாரையும் தொட விடவில்லை. தகரத்தை உரித்து எடுத்ததும் உள்ளேயிருந்த மண் சரிந்து புல்லோடு சேர்ந்துகொண்டது. மரம் தரையில் நின்றது. எத்தனையோ காலமாக அங்கேயே நின்றதுபோல நின்றது, நின்றதும் உண்மைதானே.

"நாங்க ஞாயித்துக்கிழமைதோறும் தேடிக்கிட்டிருந்தோம்" என்றான் யாரையும் பார்க்காமல். "இது எங்களக் கேக்காம இங்கயே வீடு பாத்துக்கிச்சு." சிரித்தான். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தான். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் வெயில் விழுகிறதா என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டிருந்தாளே, தன் ஜன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

"புதுசா வர்றவங்க வெட்டிடுவாங்களோ?" என்று கேட்டான்.

"கோடாலியோட வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். அதை அவன் நம்பினான்.

ஆட்கள் வண்டியில் ஏறப் போனார்கள். டாயில் பேனாக்கத்தியை எடுத்து நல்ல கிளையாகப் பார்த்து ஒரு போத்து வெட்டினான். ஈரக் காகிதத்தில் சுற்றி, ரொட்டிப் பையில் போட்டு என்னிடம் நீட்டினான். நான் கேட்கவேயில்லை. அந்த ஐஸ் வருஷத்திலிருந்து என் பின்பக்கம் வெறிச்சென்று கிடந்ததை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

வாங்கிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன், அன்று நடீன் கடித்ததுபோல.

"உனக்கு ஒண்ணு எடுத்துக்கலையா?"

"மறுபடியும் தொட்டியிலயா? போதும் மிஸ் ஒராலீ. அது காலை நீட்டிக்கிச்சு."

கார்க் கதவைத் திறந்தவன், திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மரம் நல்லா வேர் விட்டுடுச்சு. இனிமே சாகாது இல்லையா?"

"சாகாது. நாம போனாலும் அது இருக்கும்."

"அப்ப நடீன் சொல்ல வந்தத நான் சொல்லிடறேன். நீங்கதான் அவ வாயை மூடிட்டீங்க." என் தோளைத் தொட்டான். "ரொம்ப தேங்க்ஸ், மிஸ் ஒராலீ. எங்க ரெண்டு பேருக்காகவும்."

எனக்கும் அவனிடம் சொல்ல அதே வார்த்தைதான் இருந்தது. எதிர்வீட்டில் அத்தனை வருஷம் விளக்கு எரிந்ததற்கு, பின்சீட்டில் ஏற்றிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, எல்லாவற்றுக்கும். தொண்டைவரை வந்துவிட்டது. கையில் போத்து இருந்ததால் சொல்லவில்லை.