கடல் செய்தி வாசித்த ஜெயமேரி

ஜெயமேரி ஜெயித்தது கொஞ்சமில்லை. "பேச்சுல கடலூர் வாடை அடிக்குது" என்று வானொலிக் குரல் தேர்வில் இரண்டு முறை தள்ளிய வெளியூர்க்காரர்களிடமே மூன்றாம் முறை தேறினாள். அப்பா வேண்டாமென்ற வேலைக்கு அப்பாவின் சைக்கிளிலேயே போனாள். ஆண் குரல்தான் எடுபடும் என்றிருந்த மீனவர் செய்தியைத் தன் வசமாக்கிக்கொண்டாள். பிச்சாவரத்துப் படகுக்காரர்கள் அவள் குரலைக் கேட்ட பிறகே கிளம்பினார்கள்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. 2004-ல் மஞ்சக்குப்பத்துச் சின்ன மத்திய அலை வானொலி நிலையத்தில் அவள் சேர்ந்தபோது ஆட்கள் நிறைய இருந்தார்கள். எஃப்.எம். வந்தபின் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிப் போக, காலை ஒலிபரப்பு முழுவதும் அவள் தலையில் விழுந்தது. ஆனால் அன்றன்று வாசித்தவர் யார் என்று பதியும் பணித்தாளில் கையெழுத்து மட்டும் அதிகாரி ராஜமாணிக்கத்துடையது.

"நான்தானே சார் வாசிச்சேன்?"

"வாசிச்சது நீதாம்மா. தற்காலிக ஆளுங்க கையெழுத்தும் போட்டா, நாளைக்கு கோர்ட்டுக்குப் போயி பர்மனென்ட் கேப்பீங்க."

வீட்டுக்கு வந்து அண்ணன் லூர்து பிரகாஷிடம் பொரிந்து தள்ளுவாள். "அப்ப தெனமும் ரேடியோவுல பேசுறது ஆவியாண்ணே?"

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்த அன்று சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ராஜமாணிக்கம் வரவில்லை. ஜெயமேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரங்களைத் தாண்டிப் போனாள். ஜெனரேட்டர் ஓட்டும் சிங்காரத்தின் துணையோடு, தொண்டை கட்டும்வரை எச்சரிக்கை வாசித்தாள். நாலு நாள் கழித்துப் பணித்தாளைப் பார்த்தாள். அன்றைக்கும் ராஜமாணிக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலை நிலையத்தின் முகப்பு இசை ஓட ஆரம்பித்ததும் மைக்கின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டியூன் முடியப் போவுது மேரி! மைக்க போடு!"

"பணித்தாள குடுங்க சார்."

"வெளையாடாத. கரையில எல்லாம் காத்துக்கினு இருப்பாங்க."

"தெரியுதுல்ல? நீங்களே வாசிங்க."

வாசலில் நின்ற சிங்காரம் சிரித்துவிட்டார். "வாசிங்க சார். புயலன்னிக்கும் நீங்கதானே வாசிச்சீங்க!"

ராஜமாணிக்கம் மைக்கைப் பார்த்தார். இசை தேய்ந்துகொண்டிருந்தது. பணித்தாளை அவள் பக்கம் தள்ளினார். பேனா எழுதவில்லை, உதறி எழுதினாள். இசை நின்றது. பிறகுதான் வணக்கம் சொன்னாள்.

அதனால் வேலையொன்றும் நிரந்தரமாகிவிடவில்லை. அந்த வருஷமே காலை ஒலிபரப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்தத் தாளில் இருக்கிறது: சூ. ஜெயமேரி, 4 ஜனவரி 2012.