பதினொரு சாலைகளை அழித்தவரைப் பார்க்க நாமகிரிப்பேட்டைக்கு

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டை போனதற்குக் காரணம் ஒரு பேட்ஜ். சட்டையில் குத்துவது அல்ல. போன் திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒட்டிக்கொள்வது. எங்கள் ஊர்களை நாங்களே வரைபடத்தில் ஏற்றும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். பயிற்சி முடித்து வேலையைக் காட்டினால் 'வரைபவர்', அதற்கு மேல் 'சரிபார்ப்பவர்' என்று டிஜிட்டல் பேட்ஜ் தருவார்கள். என்னிடம் இரண்டும் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்தபடியே வாங்கியவன் என்று பீற்றிக்கொள்வதும் உண்டு.

நாமகிரிப்பேட்டைக் குழுவின் கவிதா இரண்டாவது பேட்ஜுக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் அவர்கள் ஊர்த் திருத்தங்களை அவர்களே சரிபார்த்து ஏற்றலாம். சேலத்துக்காரன் தயவு வேண்டாம். ஆனால் அவர் ஒரே நாளில் வரைபடத்திலிருந்து பதினொரு சாலைகளை அழித்திருந்தார். அதனால் விண்ணப்பம் தானாக நின்று, விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஞாயிறு மாலை ஆறுக்குள் நான் சரி என்று சொல்லாவிட்டால் தள்ளுபடி. ரோடு வேண்டுமென்று ஊரே அலைகிறது, இந்தம்மா இருப்பதையும் அழிக்கிறாரே! ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.45க்கு ராசிபுரம் பஸ், டிக்கெட் 25 ரூபாய். ஒரு மணி நேரத்தில் இறங்கி, டீயும் போண்டாவும் 25 ரூபாய்க்கு முடித்து, டவுன் பஸ் பிடித்தேன். பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய். 8.30க்கு நாமகிரிப்பேட்டை. கவிதா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மூட்டைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார்.

"வாங்ணா, சாப்டீங்ளா? ஏறுங்க, மொதல்ல ரோட்டப் பாத்துருவோம்."

நான்கு கிலோமீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினார். எதிரே இடுப்புயர மஞ்சள் பயிர். மண் அணைத்த பார்களுக்கு நடுவே மழைத் தண்ணீர்.

"ரோடு எங்கீங்க?" என்றேன்.

"அதத்தானுங்க நானும் தேடுனேன்."

பிறகு விளக்கினார். மாசி, பங்குனியில் மஞ்சள் வெட்டியதும் காடெல்லாம், அதாவது வயலெல்லாம், வெறுமையாகிவிடும். அப்போது யார் காட்டில் யார் வண்டி குறுக்கே போனாலும் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. டிராக்டர் போய்ப் போய் வெள்ளையாகத் தடம் விழும். வைகாசியில் உழுததும் தடமே இருக்காது. நாங்கள் பார்த்து வரையும் செயற்கைக்கோள் படமோ கோடையில் எடுத்தது.

"போன மாசம் எங்கத்தை ஊட்டு மாடு கன்னு போட முடியாமக் கெடந்துச்சுங்க. மாட்டு டாக்டரு ஊருக்குப் புதுசு. போன் காட்டுச்சுன்னு இந்த வரப்புல பைக்க உட்டுட்டாரு, அந்தப்பக்கம் ரோடு வரும்னு. சேத்துல சிக்கி வந்து சேர ஒரு மணி நேரம். மாடு பொழச்சுதுங்க. கன்னு போயிருச்சு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "எவன்ங்க இதை ரோடுன்னு வரைஞ்சான்?"

அவர் போனை நீட்டினார். திருத்த வரலாற்றில் என் பெயர். பதினொன்றுக்கும் என் பெயர்தான். இரண்டு வருடம் முன்பு, பேட்ஜுக்கு எண்ணிக்கை சேர்க்க, ஒரே மத்தியானத்தில் மாடியில் உட்கார்ந்து இழுத்த கோடுகள். நூற்றுக்கணக்கில் இழுத்ததில் மறந்தே போயிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியுமுங்க. எழுதுனா சண்டைக்கு வாரேன்னு நெனப்பீங்க. சேத்துல கால வெச்சாப் புரியும்னு உட்டுட்டேன்."

மீதிப் பத்தையும் இரண்டு மணி வரை நடந்தே பார்த்தோம். எல்லாம் காடுதான். 2.10க்கு அவர் பேட்ஜுக்குச் சரி கொடுத்தேன். அத்தை வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். "அட உடு சாமி, தெரிஞ்சா செஞ்சே?" என்று மோரை நீட்டினார் அவர். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் ஷூ வேண்டாம், செருப்பு போதும். செயற்கைக்கோள் படம் எந்த மாதத்தது என்று பாருங்கள். ஊர்க்காரரிடம் "இந்த ரோடு இருக்கா?" என்று கேட்காதீர்கள், "உழுத பிறகும் இருக்குமா?" என்று கேளுங்கள். ராசிபுரத்துக்குக் கடைசி நிமிடத்தில் பஸ் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள்.

வீடு திரும்பியதும் என் இரண்டாவது பேட்ஜை நிறுத்திவைக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதினேன். மறுபடி தேர்வு: நாமகிரிப்பேட்டையில் பத்துத் தடங்களை நடந்து வரைய வேண்டும். சரிபார்ப்பவர், கவிதா. இரண்டு ஞாயிறு அலைந்து வரைந்து அனுப்பினேன். பத்தாவதில் மட்டும் ஐந்து மணி பஸ்ஸுக்காகக் கடைசிக் கொஞ்ச தூரத்தைப் படத்தைப் பார்த்து இழுத்துவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது!

மறுநாள் பதில் வந்தது. "ஒம்போது சரிங்ணா. பத்தாவதுல கடைசிக் கால் கிலோமீட்டர் நீங்க நடக்கல. அங்க கெணறு இருக்குது."