சுமை இல்லாத மோட்டார்

கார்க் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, வியர்வை வழிய மடியில் இருக்கும் போனுடன் பேசிக்கொண்டிருக்கிறார். கல்லூரி வாகன நிறுத்தத்தில் இது எங்களுக்குப் பழகிய காட்சி. மின்பொறியியல் பேராசிரியை, மாணவர்களுக்கு ‘ரேடியோ மேடம்’.

வாரம் ஒரு பாட்காஸ்ட், வெளிச்சத்தம் புகாத காருக்குள் பதிவாகும். அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆய்வகத்துக்கு வர வேண்டும். “காதக் கொஞ்சம் கடன் குடுங்க” என்று தொடங்குவார். “டிரான்ஸ்ஃபார்மர் மாமியார் மாதிரி. உறுமும், எடத்த விட்டு நகராது” என்பார். கடைசி பெஞ்சுகூட பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்கிறது. “பாடம் நடத்தச் சொன்னா கச்சேரி நடத்துறாங்க” என்று துறைத் தலைவர் மட்டும் முணுமுணுப்பார்.

பதிவைச் சீர்செய்வது அவருடைய கணவர். இருமல், திக்கல், சொன்னதையே திரும்பச் சொன்ன இடம் எல்லாவற்றையும் நறுக்கிவிடுவார்.

போன வாரம் மேடமும் அதே துறையில் வேலை பார்க்கும் நானும் ஆய்வகத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். வாசலில் இரண்டு மாணவிகள் போனில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சீரீஸ் மோட்டாரா, சுமை இல்லாம தாராளமா ஓட்டலாம்.”

அவர் முகம் வெளிறியது. “நான் அப்படிச் சொல்லல” என்றபடி ஓடினார்.

அவர் பேசியது இது: “சீரீஸ் மோட்டாரா, சுமை இல்லாம ஓட்டவே கூடாது. ஷண்ட் மோட்டாரா, சுமை இல்லாம தாராளமா ஓட்டலாம்.” ‘சுமை இல்லாம’ இருமுறை வந்ததும், மனைவி தடுமாறித் திரும்பச் சொல்கிறாள் என்று நினைத்து, கணவர் நடுவில் இருந்ததை வெட்டியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ஒரு மாணவன் சீரீஸ் மோட்டாரை ஓடவிட்டிருந்தான். அதற்குச் சுமை தரும் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. சுமை இல்லாததால் வேகம் கூடிக்கூடி, உறுமல் சீழ்க்கையாக ஏறிக்கொண்டே போனது. மேசை அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள்கள் பிய்ந்து தெறிக்கும். பிள்ளைகளோ குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாரும் வெளிய போங்க.”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இழுத்து இறக்கினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“நீங்கதானே மேடம் சொன்னீங்க” என்றான் மாணவன், அழாக் குறையாக.

“ஆமாப்பா, என் குரல்தான். தப்பாப் போயிடுச்சு. இனிமே யாரு சொன்னாலும், நானே சொன்னாலும், பெல்ட்ட இழுத்துப் பாத்துட்டுக் கைய வை.”

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

மீட்டர் எடுக்கப் போயிருந்த ஆய்வக உதவியாளர் திரும்பி வந்து பெல்ட்டை இறுக்கினார். “மெயினப் போடலாமா மேடம்?”

“போடுங்க” என்றார்.

அவர் கை மட்டும் மெயினின் கைப்பிடியை இன்னும் விடவில்லை. இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.