டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீன டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை முடித்திருந்தேன், ஆங்கிலம் நன்றாக வரும். வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்து பெயர் எழுதுவதும், மாத்திரைகளைச் சின்னப் பொட்டலங்களில் போட்டு "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று எழுதிக் கொடுப்பதும்தான் என் வேலை. முறைப்படி படித்த தாதி இல்லை நான். ஆனாலும் வருகிறவர்கள் எல்லாரும் தாதியைக் கூப்பிடுவது போல "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் தலைக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

டாக்டருக்குக் கான்டனீஸ், ஆங்கிலம், மலாய் மூன்றும் தெரியும். தமிழில் "வலிக்குதா" என்ற ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதை எல்லாரிடமும் கேட்பார், இருமலுக்கு வந்தவரிடமும் கேட்பார். அதனால் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் நானும் உள்ளே போய் நின்று, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லுவேன், அவர் சொல்வதைத் தமிழில் சொல்லுவேன்.

இதில் நானாக ஒரு பழக்கம் வைத்திருந்தேன். நம் ஆட்கள் சொல்வதை அப்படியே சொல்ல மாட்டேன், கொஞ்சம் துவைத்து மடித்துத்தான் கொடுப்பேன். குடித்துவிட்டு விழுந்தேன் என்று ஒருவர் சொன்னால், படியில் வழுக்கி விழுந்தார் என்பேன். புருஷன் அடித்த காயம் என்றால் கதவில் இடித்துக்கொண்டாள் என்பேன். சீனர் ஒருவர் முன்னால் நம் மானம் கப்பலேறக் கூடாது என்ற நினைப்பு. இதற்காக யாராவது எனக்கு மாலை போட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அவ்வளவு பெருமை.

அந்தச் சமயத்தில்தான் சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு அக்கா வர ஆரம்பித்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் மணல் லோரி ஓட்டுகிறார். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை, முதல் குழந்தை. முதல் தடவை வயிற்றெரிச்சல் என்றார். இரண்டாவது தடவை தலைசுற்றல். மூன்றாவது தடவை உடம்பெல்லாம் வலி. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் மாத்திரை கொடுத்தார். திங்கட்கிழமை மருத்துவ விடுப்புச் சீட்டுக்காக வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடிக்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். இந்த அக்காவுக்கும் வீட்டு வேலை செய்யச் சோம்பல் போலிருக்கிறது என்று மனதுக்குள் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நான்காவது தடவை வந்தபோது டாக்டர் என்ன பிரச்சினை என்று கேட்டார். அந்த அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"மிஸ்ஸி, புள்ளய குளிப்பாட்டுறப்ப தண்ணிக்குள்ள அமுக்கிருவேனோன்னு தோணுது. நான் நெனைக்கல மிஸ்ஸி. அதுவா வருது. நாள் பூரா வருது. நான் செத்துட்டா புள்ளயாவது நல்லா இருக்கும்."

எனக்கு உடனே தஞ்சோங் ரம்புத்தான்தான் நினைவுக்கு வந்தது. நம் பேச்சில் அது வெறும் ஊர் பெயர் இல்லை. அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையைச் சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்வோம். ஆனால் உண்மையாகவே ஒரு வீட்டில் யாரையாவது அங்கே கூட்டிப்போனார்கள் என்றால், அந்த வீட்டில் அப்புறம் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். இந்த வார்த்தையை டாக்டரிடம் சொன்னால் இவரை அங்கே அனுப்பிவிடுவார், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஒரு குடும்பமே நாசமாகும் என்று அந்த இரண்டு நொடியில் நானே எல்லாவற்றையும் முடிவு செய்தேன்.

ரொம்பக் களைப்பாக இருக்கிறதாம் டாக்டர், தூக்கம் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு இரும்புச்சத்து மாத்திரையும் விட்டமினும் எழுதினார். கவுண்டரில் பொட்டலத்தை வாங்கும்போது அந்த அக்கா தாழ்ந்த குரலில் கேட்டார், "சொன்னீங்களா மிஸ்ஸி?"

"சொன்னேன்லா அக்கா. இதுலயே சரியாயிடும், நல்லா சாப்பிடுங்க."

பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வந்தது.

பத்து நாள் இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்குக் கிளினிக்கை மூடுகிற நேரம். அந்த அக்கா வந்தார். தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார். பரவாயில்லையே, தேறிவிட்டாரே என்று நினைத்தேன். குழந்தையைக் கவுண்டரைத் தாண்டி என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு பெரிய பை. "கொஞ்சம் பாத்துக்கங்க மிஸ்ஸி, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நான் பதில் சொல்வதற்குள் வெளியே போய்விட்டார்.

குழந்தை சிணுங்கியது. பால் போத்தல் இருக்குமா என்று பையைத் திறந்தேன். போத்தல் இருந்தது. பிரிக்காத ஒரு டின் பால்மாவு இருந்தது. மடித்து மடித்து அடுக்கிய துணிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையின் பிறப்புப் பத்திரம் இருந்தது.

கடைக்குப் போய் வருகிறவள் பிறப்புப் பத்திரத்தை எதற்கு எடுத்து வரப்போகிறாள்?

கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார், மக்சிக் என்று கூப்பிடுவோம். குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. எடுக்கவில்லை. ரயில் தண்டவாளம் இருக்கிற பக்கம்தான் முதலில் என் கண் போனது. அங்கே யாரும் இல்லை. திரும்பினால், எதிர்ப்பக்கம் பஸ் நிற்குமிடத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். மினி பஸ் ஒன்று நின்று, நடத்துநர் கூவிவிட்டு, கிளம்பிப் போனது. அவர் ஏறவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"எங்கக்கா போறீங்க?"

"தெரியல மிஸ்ஸி. ரெண்டு பஸ் போயிருச்சு. ஏற முடியல."

வாங்க, டாக்டரிடம் போகலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அவருகிட்டதான் சொல்லியாச்சே. அவ்வளவு படிச்சவரு, கேட்டுட்டு விட்டமின்தானே குடுத்தாரு. இதுக்கு மருந்து இல்லன்னுதானே அர்த்தம்?"

நான் பயந்து மறைத்தது, இவர் காதில் டாக்டரின் தீர்ப்பாகப் போய் விழுந்திருக்கிறது. பத்து நாள் இவர் அந்தத் தீர்ப்போடு வாழ்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் சொல்லல. நீங்க சொன்னத டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல. பயந்துட்டேன். களைப்புன்னு மட்டும்தான் சொன்னேன்."

அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அறையவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அப்ப அவருக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது."

எழுந்து நின்றார். "அப்ப வாங்க போவோம்."

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மக்சிக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது மெரோயான் லா, பாவம்" என்றார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனம் கலங்குவதற்கு மலாய்க்காரர்களிடம் தனியாக ஒரு பெயரே இருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரிடம் நான் செய்ததைச் சொன்னேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான்கு தடவை வந்திருக்கிறார், நானும் ஒரு தடவைகூடச் சரியாகக் கேட்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகு என்னிடம் சொன்னது இதுதான்: "இந்த நோய்க்கு ரத்தச் சோதனை கிடையாது, எக்ஸ்ரே கிடையாது. அவர் வாயால் சொல்வதுதான் எக்ஸ்ரே. நீ பாதியை மறைத்தால் நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?"

அப்புறம் கேட்க ஆரம்பித்தார். குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா? விடியும் முன்பே விழிப்பு வருகிறதா? யாராவது கட்டளையிடுவது போலக் குரல் கேட்கிறதா? இல்லை, தானாக வரும் நினைப்பு மட்டும்தானா? கடைசியாக, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா, அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்தீர்களா என்று கேட்கச் சொன்னார். அதைத் தமிழில் கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்தது போல ஆகிவிடாதா என்று பயம். ஆகாது, கேள் என்றார். கேட்டேன்.

அந்த அக்கா உடைந்து அழுதார். பயந்துபோய்த் தண்ணீர் கொடுக்க எழுந்தேன். அழுகைக்கு நடுவே, "இதத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். குரல் எதுவும் கேட்கவில்லை. நினைப்பு மட்டும்தான். குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயத்தில் பத்து நாளாகக் குளிப்பாட்டவே இல்லை, ஈரத்துணியால் துடைத்துத்தான் விடுகிறாராம்.

அதை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். டாக்டர், கெட்ட அம்மாவாக இருந்தால் இப்படிப் பயப்பட மாட்டாள், இவருடைய பயமே குழந்தை மேல் இருக்கும் பாசம்தான் என்று சொல்லச் சொன்னார். இது பிள்ளைப்பேற்றுக்குப் பின்னால் வருகிற நோய், சீனருக்கும் வரும், மலாய்க்காரருக்கும் வரும், டாக்டர் பெண்டாட்டிக்கும் வரும், மருந்து இருக்கிறது, குணமாகும் என்றார். ஆனால் குணமாகும்வரை தனியாக இருக்கக் கூடாது, இன்றைக்கே பெரிய மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்.

கணவருக்கு மணல் கம்பெனி மூலம் ஆள் அனுப்பி வரவழைத்தோம். மூன்று மணிக்கெல்லாம் சட்டையெல்லாம் மணலோடு வந்து நின்றார். கடிதத்தைப் பார்த்ததும் குதித்தார்.

"என் பொண்டாட்டி என்ன பைத்தியமா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பாக்கறீங்களா? கிள்ளான்ல ஒரு கோயில்ல கயிறு கட்டுறாங்க, வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்."

கோயிலுக்கும் போங்கள், மாத்திரையும் போடுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். கணவர் மசியவில்லை. அப்போது நான் அவரிடமும் என் பொய்யைச் சொன்னேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டேன் அண்ணே, இன்றைக்கு நடந்தது இதுதான் என்று அந்தப் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"எங்கிட்டயும் சொன்னா மிஸ்ஸி. வாய மூடு, பக்கத்து வீட்டு காதுல விழப்போவுதுன்னு நாந்தான் சொன்னேன்."

அந்த லோரியிலேயே மருத்துவமனைக்குப் போனோம். எனக்கும் அந்த அக்காவுக்கும் நடுவில் குழந்தை. அங்கே மனநல டாக்டர் கேட்டதற்கு அந்த அக்கா சொன்ன பதில் ஒன்றையும் நான் விடவில்லை. அவர் தும்மியிருந்தால் அதையும் மொழிபெயர்த்திருப்பேன். தஞ்சோங் ரம்புத்தானுக்கு யாரும் அனுப்பவில்லை. குழந்தையை யாரும் பிடுங்கவில்லை. கொஞ்ச நாள் வார்டில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவரின் தங்கை கூட வந்து தங்கினார். மருத்துவமனைக்குப் போகும் நாட்களில் டாக்டர் எனக்கு அரைநாள் விடுப்பு கொடுப்பார், அந்த அக்காவோடு மினி பஸ்ஸில் நானும் போவேன். முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் தேறுவார், மறு வாரம் முகம் தொங்கிப்போகும். பிறகு ஒரு நாள் பஸ்ஸில், நான் எதுவும் கேட்காமலே, "நேத்து நானே குளிப்பாட்டுனேன் மிஸ்ஸி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் பார்த்துவிடுவாரே.

வார்டிலிருந்து வந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனார்கள், கயிறும் கட்டிக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை அந்த அக்கா கிளினிக்குக்கு வந்தார். அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, மக்சிக்கின் துடைப்பத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தது. பெயர் எழுதிக்கொண்டே, என்னக்கா செய்கிறது என்று கேட்டேன். குரல் என்னையும் மீறி நடுங்கியது. அவருக்கு அது புரிந்துவிட்டது. கவுண்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"இன்னிக்கு வெறும் தலைவலிதான் மிஸ்ஸி. தலைவலின்னே சொல்லுங்க. கூட்டியும் சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க."

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். யாராவது தயங்கித் தயங்கி மனதில் இருப்பதைச் சொல்ல வந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லத்தான் என் வாய் இன்றைக்கும் முதலில் வருகிறது. அப்போதெல்லாம் பால்மாவு டின்னுக்கு அடியில் இருந்த அந்தப் பிறப்புப் பத்திரம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பேன்.