“அடிக்கடி வலி வருமா, தங்கச்சி?”

எனக்குக் கடைசியாக வலி வந்தது பதின்மூன்று வயதில். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வலி என்றால் அது காக்காய் வலிப்புத்தான். உடம்பு நொந்தால் அதற்கு ‘நோ’ என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். பினாங்குக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று அம்மா காதுக்குள் சொன்னது ஒன்றே ஒன்று. “வலியைப் பற்றி ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை. பிறகு உன்னை ஆர் கட்டுவான்?”

வந்த மூன்றாம் வாரமே கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: வெளிநாட்டுப் பிள்ளைகள் சொந்தமாக மருத்துவக் காப்புறுதி எடுத்துப் பத்திரத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் விசா நீட்டிக்க மாட்டோம். குண்டு விழுகிற ஊருக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

பக்கத்து ஊரான கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த, மலேசியத் தமிழ்ப் பெண்ணான என் அறைத்தோழிதான் ஜார்ஜ்டவுனில் ஒரு காப்புறுதி முகவரின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டாள். நான் தனியே மாடிப்படி ஏறினேன்.

முகவர் தமிழ் முஸ்லிம், தங்கமான மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று. “தமிழ்ப் புள்ளதானே, இங்கிலீஷ் பாரத்த நானே தமிழ்ல கேட்டு எழுதிடறேன் லா” என்றார், இந்த ஊர் ‘லா’வையும் சேர்த்து. ஆபரேஷன் செய்திருக்கிறாயா, கண்ணாடி போடுவாயா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

“அடிக்கடி வலி வருமா, தங்கச்சி?”

கடவுளே, இந்த மனுஷனுக்கு யார் சொன்னது? என் முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? பொய் சொல்லிப் பிடிபட்டால் என்ற பயம் அம்மாவின் பயத்தையும் மிஞ்சிவிட்டது.

“முந்தி வாறது, அண்ணை. இப்ப ஆறு வருசமா வரேல்லை.”

“எங்க வந்திச்சு?”

“பள்ளிக்கூடத்தில.”

அவர் சிரித்துவிட்டார். “அட, உடம்புல எங்கன்னு கேக்குறேன்!”

“முழு உடம்பிலயும்தான்.”

“பள்ளியில ஓடியாடி வெளையாண்டிருப்பே. இந்த வயசுல யாருக்குத்தான் வராது” என்று ‘இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் இவ்வளவு நேரமும் நோவைத்தான் கேட்டிருக்கிறார்! மூச்சு வருவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார். “காக்கா வலிப்பு, காசநோய்… அதெல்லாம் ஒனக்கு எங்க லா” என்று என்னைக் கேட்காமலேயே மளமளவென்று கோடு போட்டுப் பாரத்தை என் பக்கம் திருப்பினார்.

“கையெழுத்துப் போடு. எதையாச்சும் மறைச்சது பின்னால தெரிஞ்சா ஒத்தக் காசு தரமாட்டான், பாலிசியவே ரத்து பண்ணிடுவான், ஆமா.”

உண்மையைச் சொன்னால் பத்திரமும் இல்லை, விசாவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் பத்திரம் வந்தது. விசாவும் கிடைத்தது. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் காசு தருவார்களாம். எனக்கு வலி வந்து, அதை ஒரு டாக்டர் துண்டுச் சீட்டில் எழுதினால் போதும், பத்திரம், விசா, படிப்பு எல்லாம் அதோடு சரி. அன்றிலிருந்து தலை லேசாகச் சுற்றினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

தனியாகப் பயப்பட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா சொன்னதையும் மீறி, அறைத்தோழியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் விழுந்து கைகால் இழுத்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாய்க்குள் எதையும் திணிக்காதே என்று சொல்லிக்கொடுத்தேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் டாக்சி புடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவேன் லா. அதான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கியே!”

நான் அவளுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உன்னைக் கும்பிட்டன். எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போயிடாதை.”