ஸ்டெல்லா அன்ரியின் தோடம்பழத் தோல் சட்டி

ஸ்டெல்லா அன்ரி செத்துப்போய்விட்டார். டெங்கு.

"காலமானார்" என்று எழுதச் சொல்கிறார் அம்மா. எழுத மாட்டேன். எங்கள் ஃபிளட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் உடைந்து, தண்ணீர் தேங்கி, நுளம்பு பெருகி... அதனால் செத்தார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீடு அவர். ஒரு பல் டொக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. வேலை முடிந்து வந்ததும் ஹேண்ட்பேக்கை இறக்கி வைக்கும் முன்பே அடுப்பில் ஒரு சின்னச் சட்டியை வைப்பார்.

தண்ணீருக்குள் தோடம்பழத் தோல், கறுவாப்பட்டை, கொஞ்சம் கராம்பு, ஒரு ரம்பை இலை. கிறிஸ்மஸ் கேக் போட்டு மிஞ்சிய வனிலா இருந்தால் ஒரு சொட்டு. குடிக்க அல்ல, மணக்க மட்டும். அடுப்பைச் சிம்மில் விட்டுவிட்டு வாசல் கதவை அகலத் திறந்துவிடுவார்.

மார்கழி மழையில் கொரிடோர் முழுக்க அந்த மணம்தான்.

ஒருநாள் அவருக்கு என் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினேன். வெளியே பனி கொட்ட, ஒரு வெள்ளைக்காரப் பெண் அதே மாதிரிச் சட்டி வைக்கிறாள். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"அவை பனிக்கு வைக்கினம், பிள்ளை. நாங்கள் கானுக்கு வைக்கிறம்!"

அவருடைய கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். எந்த வீட்டில் தோடம்பழம் உரித்தாலும் தோல் அந்தப் பைக்குள்தான். ஒருமுறை யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டார்கள். "ஆர் இந்த வேலை பாத்தது? நான் இஞ்ச மாடோ வளக்கிறன்?" என்று கொரிடோரில் நின்று கத்தினார். எல்லா வீட்டுக் கதவும் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது...

கானைத் திருத்தச் சொல்லி ஃபிளட் கமிட்டி மீட்டிங்கில் எழும்பி நின்று கேட்டவரும் அவர்தான். நானும் அம்மாவுடன் போயிருந்தேன்.

கமிட்டித் தலைவர் அங்கிள் சிரித்தார். "என்ன மிஸ், இப்ப மணமாத்தானே இருக்கு? கிறிஸ்மஸ் மாதிரி! நாத்தம் எண்டு வேற ஒருத்தரும் கொம்ப்ளெய்ன் பண்ணேல்லையே. மழை விடட்டும், பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். கமிட்டியில் இருப்பவர்கள் அனைவரும் படித்தவர்கள். நாற்றம் மறைந்தால் தண்ணீரும் மறைந்துவிடும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்?

படியேறும்போது அன்ரி சொன்னார்: "நாளையில இருந்து சட்டி வைக்கிறேல்ல. நாறட்டும். அப்பதான் இவைக்கு விளங்கும்."

மறுநாளும் வைத்தார். எதிர்வீட்டு அக்கா அன்றைக்குத்தான் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். "பச்சைக் குழந்தை, பாவம்" என்றார் அன்ரி.

மழை விடவில்லை. அன்ரிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெட்டியில்தான் திரும்பி வந்தார்.

பெட்டியை மேலே ஏற்ற முடியாது என்று கீழே கார் பார்க்கில் வைத்தார்கள். கானுக்குப் பக்கத்தில். சட்டி வைக்க ஆளில்லாமல் நாற்றம் கார் பார்க் முழுக்க நின்றது.

அப்போது தலைவர் அங்கிள் என்னிடம் வந்தார். அன்ரி வீட்டுக் கதவைப் பூட்டிய திறப்பு எங்களிடம்தான் இருந்தது.

"பிள்ளை, அன்ரியின்ட அந்தச் சட்டியை ஒருக்கா இஞ்ச கொண்டுவந்து வையுங்கோ. வெளியாக்கள் வருகினம், மானம் போகுது."

"வைக்க மாட்டன், அங்கிள்."

அம்மா என் கையைக் கிள்ளினார். அங்கிளுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்த வீட்டில சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிண்டா, அது அன்ரிக்கு மரியாதையோ?"

"பொத்தட்டும். அப்பதான் ஏன் எண்டு கேப்பினம்."

கேட்டார்கள். அன்ரியின் பல் டொக்டரே லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, "என்ன இது, இவ்வளவு நாளும் இதுக்குள்ளயா இருந்தவ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தலைவர் அங்கிள் மலர்வளையத்தின் ரிபனைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இந்தப் பதிவை அவரும் பார்ப்பார். பார்க்கட்டும். கான் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அன்ரி, பையில் கிடந்த தோலையெல்லாம் கொட்டிவிட்டேன். உங்கள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

போயிட்டு வாங்கோ...