நோரீனுக்குப் பின்னால் ஒரு பெயர்

பிறப்புப் பதிவாளர் வேலை என்பது, அடுத்தவர் பிள்ளைக்கு அடுத்தவர் வைக்கிற பெயரை வாயை மூடிக்கொண்டு அழகான கையெழுத்தில் எழுதுகிற வேலை. கையெழுத்து எனக்கு வந்தது. வாயை மூடுவதுதான் வரவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் தென்லண்டன் கவுன்சில் ஒன்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், லூயிஷாம் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நேரே என் மேசைக்குத்தான் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தால் நம்மவர்களுக்கு எந்த அலுவலகமும் சொந்தக்காரர் வீடுதான்.

அரசாங்கம் கேட்டது

தயாபரன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடமாகியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மனைவி மாலதியையும் தள்ளுவண்டியில் பெண் குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். பெயர் என்னவென்று கேட்டேன். நோரீன் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மேல்வீட்டு ஐரிஷ் அம்மாவின் பெயராம். இவர் வேலையில் இருந்தபோது மாலதிக்கு வலி கண்டுவிட்டது. அந்த அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பிள்ளை பிறக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நல்ல காரணம்தான். பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் என் வாயில் சனி புகுந்தது. எல்லோரிடமும் கேட்பதுபோல, நடுப்பெயர் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டேன். முதல் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் வெள்ளைக்காரர்கள் செருகுகிற இன்னொரு பெயர் அது. வைத்தாலும் சரி, விட்டாலும் குடி முழுகாது. இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தயாபரன் காதில் ஏறவில்லை. அகதி விண்ணப்பத்தில் ஒரு கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு அவர் அலைந்த அலைச்சல் அப்படி. பதிவு செய்ய ஆறு வாரம் தவணை உண்டு என்பதை உறுதி செய்துகொண்டு எழுந்துவிட்டார்.

“அரசாங்கம் கேட்டால் குடுக்கத்தானே வேணும், அண்ணை.”

கத்லீனின் தாத்தா

அதே வாரம் சென்னைக்கார டாக்டர் ஒருவர் வந்தார். மனைவி ஐரிஷ் நர்ஸ். முதல் பெயரை மனைவி எடுத்துக்கொண்டு கத்லீன் என்று வைத்துவிட்டார். நடுப்பெயர் டாக்டரின் பங்கு. அவர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார்: வெங்கடாசலம். பெண் குழந்தை என்று நினைவூட்டினேன். மனைவி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

“நடுவுலதானே சார், யாரு பார்க்கப் போறாங்க?”

பின்வாசலிலிருந்து கத்துவது

மூன்றாம் வாரம் தயாபரன் ஒரு பட்டியலோடு வந்தார். காயத்திரி, அபிராமி, திருமகள் என்று இருபது பெயர். கூடவே ஆலோசகராக அந்த அசல் நோரீனையும் அழைத்து வந்திருந்தார். சிவந்த முகம், கையில் பின்னல் பை, அறுபது வயதிருக்கும். பட்டியலை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாமே நீளமாம். தங்கள் ஊரில் நோரீனுக்குப் பின்னால் ரோஸ், ஆன் என்று சின்னதாகத்தான் வைப்பார்களாம். சொன்னதோடு விடாமல், ‘நோரீன் ரோஸ்!’ என்று ஒரு முறை உரக்கக் கூவியும் காட்டினார். என் மேலதிகாரி அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மாலதி வழக்கம்போல ஓரத்து நாற்காலியில், தள்ளுவண்டியை ஆட்டியபடி இருந்தார். அவருடைய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவரையும் கேட்டுப் பாருங்கள் என்று தயாபரனிடம் சொல்ல நினைத்தேன். அன்று வரிசை வாசல்வரை நின்றது. சொல்லாமல் விட்டேன். நோரீன் போகும்போது எனக்கும் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனார்.

“நடுப்பெயர் எதற்குத் தெரியுமா? தாய்க்குக் கோபம் வந்தால் பின்வாசலில் நின்று முழுப் பெயரையும் கத்துவதற்கு.”

மாமியாரின் கடிதம்

ஐந்தாம் வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து தயாபரனின் தாயின் கடிதம் வந்துவிட்டது. இங்கிலீஷ் பெயர் முன்னால் நிற்பதைப் பொறுத்துக்கொள்கிறாராம். நடுவில் தன் பெயர்தான் வரவேண்டுமாம்: பரமேஸ்வரி. எனக்கு நிம்மதி. வீட்டுக்கு வீடு நடக்கிறதுதான், எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் தயாபரன் உட்கார்ந்தே இருந்தார். நோரீன் சொன்னது அவர் மனதில் ஆழமாக இறங்கியிருந்தது. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வது நம்மிடம் வழக்கமில்லை. ஐரிஷ் முறைப்படி முழுப் பெயரையும் சொல்லித்தான் பிள்ளையை அதட்ட வேண்டுமென்றால், மாலதிக்கு அதற்கு வழியே இல்லை. தயாபரனோ எந்நேரமும் ஷிப்டில். இந்தச் சிக்கலைத் தீர்க்க எந்தச் சுற்றறிக்கையும் என்னிடம் இல்லை.

“அப்ப என்ரை பிள்ளையை ஆர் அண்ணை ஏசுறது?”

தவணையின் கடைசி நாள்

கடைசி நாள் மாலதி தனியாக வந்தார். கணவருக்கு வேலை என்றார். கலியாணமான தாய் தனியாக வந்தும் பதியலாம் என்று மேல்வீட்டு நோரீன் சொல்லித் தந்திருந்தார். முதல் பெயர் நோரீன். நடுப்பெயர் வதனி என்றார்.

பரமேஸ்வரி இல்லையா என்று கேட்டேன். வதனி தன் தங்கை என்றார். இரண்டு வருடத்துக்கு முன் ரியூசன் வகுப்புக்குப் போனவள் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீடு எரிந்தபோது அவளுடைய பிறப்புப் பத்திரமும் எரிந்துவிட்டது. அற்பாயுளில் போனவளின் பெயர் பிள்ளைமேல் விழக்கூடாது என்று மாமியார் சொன்னதால், வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

என் பின்னால் இருந்த அலமாரியில் பிறப்புக்கு ஒரு புத்தகம், கலியாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. அந்தப் பெண் எதிலும் இல்லை. பிறந்ததற்குத் தாள் எரிந்துவிட்டது, இறந்ததாகச் சொல்லவும் ஆளில்லை. நடுப்பெயர் கட்டாயமில்லை என்று ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரால் பிள்ளையைக் கூப்பிட உங்களால் முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

“கூப்பிட வேண்டாம் அண்ணை. எங்கையாவது ஒரு இடத்திலை அவளின்ரை பேர் எழுதியிருக்கோணும்.”

எழுதினேன். எங்கள் பதிவேட்டு மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், நாள் போகப்போகக் கறுக்கும். அதை அவருக்குச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இல்லாத சட்டம்

மறுநாள் காலை கதவைத் திறந்தபோதே தயாபரன் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு நின்றார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஒரு வருடத்துக்குள் பெயரை மாற்றச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கான படிவத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். மனதுக்குள் கேட்கக்கூடாதே என்றும் இருந்தது.

அவர் படிவத்தைத் தொடவில்லை. பத்திரத்தை விரித்து, நோரீனுக்குப் பக்கத்தில் இருந்த பெயரை விரலால் ஒரு முறை தடவினார். வதனி தனக்குச் சைக்கிளில் சோறு கொண்டுவந்து தந்த பிள்ளை என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அம்மாவுக்குக் கடிதம் போட்டிட்டன் அண்ணை, நடுப்பெயர் வைக்க இந்த நாட்டு அரசாங்கம் விடாதாம் எண்டு.”

இத்தனை வருடம் சட்டப்படி பெயர் எழுதிக் களைத்துப்போன எனக்கு இந்த நாட்டில் மனதாரப் பிடித்த ஒரே சட்டம், தயாபரன் தன் தாய்க்காக இயற்றிய அந்தச் சட்டம்தான்.